சிமுலேட்டரில் அரித்மியா சோதனை: மானிட்டர் முதலில் சைனஸைப் பார்க்கட்டும்

ஐசியு மானிட்டர் அரித்மியாவை (இதயத் தாளக் கோளாறை) கண்டுபிடிக்கிறதா என்று சோதிக்க, போலி ஈசிஜி அலை தரும் சிமுலேட்டரை மாட்டியதும் நேரே வி-ஃபிப் (இதயத்தின் கீழறைகள் ஒழுங்கின்றி நடுங்கும் தாளம்) பொத்தானை அழுத்துவது பலருக்கும் பழக்கம். அலாரம் அடித்தால் டிக் போட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விடுவார்கள். ஆனால் உயிரோடு விளையாடும் கோளாறுகள் பல இந்தச் சோதனையில் அகப்படுவதில்லை.

சென்ட்ரல் மானிட்டரோடு இணைந்த கருவி என்றால் முதலில் நர்சிங் ஸ்டேஷனில் சொல்லிவிடுங்கள். ‘டெஸ்ட்’ என்ற பெயரில் புது நோயாளியைச் சேர்த்த பிறகே தொடங்குங்கள். சொல்லாமல் அசிஸ்டோல் (துடிப்பே இல்லாத அலை) அனுப்பினால் வார்டே ஓடிவரும்.

லீட் (ஈசிஜி கம்பி) மாட்டும்போது நிறத்தை நம்பாதீர்கள், கிளிப்பில் உள்ள எழுத்தைப் பாருங்கள். ஐஇசி (சர்வதேசத் தர) கேபிளில் சிவப்பு வலக்கை, மஞ்சள் இடக்கை, பச்சை இடக்கால், கறுப்பு வலக்கால், வெள்ளை மார்பு. அமெரிக்க கேபிளில் வெள்ளை வலக்கை, கறுப்பு இடக்கை, சிவப்பு இடக்கால், பச்சை வலக்கால், பழுப்பு மார்பு. மாற்றி மாட்டினால் அலை தலைகீழாகவோ உருமாறியோ வரும். அதைப் பார்த்துவிட்டு மானிட்டரைக் குறை சொல்லக் கூடாது.

சிமுலேட்டரில் நார்மல் சைனஸ் (இதயத்தின் இயல்பான தாளம்), நிமிடத்துக்கு 80 துடிப்பு, 1 மில்லிவோல்ட் வையுங்கள். மானிட்டரில் லீட் 2 (வலக்கைக்கும் இடக்காலுக்கும் இடையிலான அலை), கெயின் (அலையைப் பெரிதாக்கும் அளவு) 10 மி.மீ./மில்லிவோல்ட். க்யூஆர்எஸ் (ஒவ்வொரு துடிப்பிலும் எழும் கூரிய அலை) சுமார் 10 மி.மீ. உயரம் இருக்க வேண்டும். மானிட்டர் காட்டும் துடிப்பு எண்ணில் அனுமதிக்கப்படும் பிழை 10 சதவீதம் அல்லது 5 துடிப்பு, இரண்டில் எது அதிகமோ அது. ஆகவே எண் 72-க்கும் 88-க்கும் இடையே இருக்கலாம். அரித்மியா அனாலிசிஸ் ஆனில் உள்ளதா என்றும் பாருங்கள். நோயாளியை டிஸ்சார்ஜ் செய்ததும் பழைய அமைப்புக்குத் திரும்பிவிடும் மானிட்டர்கள் உண்டு.

இதே சைனஸில் ஒரு நிமிடம் விடுங்கள். பெரும்பாலான மானிட்டர்கள் அடிக்கடி வரும் க்யூஆர்எஸ்ஸின் வடிவத்தை மாதிரியாக மனதில் வைத்துக்கொண்டு, அதோடு ஒப்பிட்டுத்தான் பிவிசியை (கீழறையிலிருந்து முந்தி வரும் துடிப்பை) அடையாளம் காண்கின்றன. தொடக்கமே பைஜெமினி (ஒரு நார்மல் துடிப்பு, ஒரு பிவிசி என மாறி மாறி வருவது) என்றால் அகலமான பிவிசியையே நார்மல் என்று கற்றுக்கொள்ளும், பிறகு அலாரமே வராது. அதனால் ஒவ்வொரு அரித்மியாவுக்கும் நடுவே 30 விநாடி சைனஸுக்குத் திரும்புங்கள். சந்தேகம் வந்தால் ‘ரீலேர்ன்’ (மாதிரியை மீண்டும் கற்கும் கட்டளை) கொடுங்கள்.

அசிஸ்டோலுக்கு ஸ்டாப்வாட்ச் தேவை. திரையில் கடைசி க்யூஆர்எஸ் கடந்ததிலிருந்து எண்ணுங்கள்; 10 விநாடிக்குள் சிவப்பு அலாரம் வர வேண்டும். வி-ஃபிப்பில் கோர்ஸ் (பெரிய அலை), ஃபைன் (சிறிய அலை) இரண்டையும் ஓட்டுங்கள். ஃபைனின் உயரம் குறைவு என்பதால் சில மானிட்டர்கள் அதை அசிஸ்டோல் என்று எழுதும். அலாரம் வந்ததா என்பதோடு எந்த வாசகம் வந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

வி-டாக்குக்கு (கீழறையிலிருந்து வரும் அதிவேகத் துடிப்புக்கு) அலாரம் வரவில்லை என்றால், எத்தனை பிவிசி தொடர்ந்தால், எந்த வேகத்துக்கு மேல் என்ற செட்டிங்கைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பைஜெமினியில் சிமுலேட்டர் 80 என்றாலும் மானிட்டர் 40 காட்டக்கூடும். ஒழுங்கற்ற தாளத்துக்கு என்ன எண் காட்டும் என்பதைத் தயாரிப்பாளர் மேனுவலில் சொல்லியாக வேண்டும். 20 விநாடி பொறுத்து, அந்த எண்ணோடு ஒப்பிடுங்கள். ஏட்ரியல் ஃபிப்ரில்லேஷனில் (மேலறைகள் நடுங்கி, துடிப்பு ஒழுங்கற்றுப் போவதில்) எண் ஓரிடத்தில் நிற்காது. ஒற்றை ரீடிங்கை வைத்துத் தீர்ப்பு சொல்ல வேண்டாம்.

பேஸ்மேக்கர் சோதனையைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். துடிப்பே இல்லாமல் ஸ்பைக் (பேஸ்மேக்கர் தரும் மின்துடிப்பின் கோடு) மட்டும் வரும் அலையைத் தேர்ந்தெடுங்கள். இதயம் நின்றுவிட்டது, பேஸ்மேக்கர் மட்டும் தட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். எண் பூஜ்யமாகி அசிஸ்டோல் அலாரம் வர வேண்டும். மானிட்டர் 75 காட்டிக்கொண்டு அமைதியாக இருந்தால் ஸ்பைக்கைத் துடிப்பாக எண்ணுகிறது. முதலில் பேசர் டிடெக்‌ஷன் (ஸ்பைக்கைப் பிரித்தறியும் அமைப்பு) ஆஃபில் கிடக்கிறதா என்று பாருங்கள். ஆனில் இருந்தும் எண்ணினால் கருவியைப் படுக்கையிலிருந்து எடுத்துவிடுங்கள்.

முடிந்ததும் டெஸ்ட் நோயாளியை நீக்கி, அலாரம் லிமிட்டுகளையும் பேசர் செட்டிங்கையும் வார்டு வழக்கப்படி திருப்பி வைத்து, பொறுப்பு நர்ஸிடம் நேரில் காட்டி ஒப்படையுங்கள்.