புவியியலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: படத்தை அப்படியே நம்பலாமா?

புவியியல் விடைத்தாள்களில் திரும்பத் திரும்ப வரும் பிழைகளில் பல, படிக்காததால் நேர்பவை அல்ல. பாடநூலில் உள்ள படத்தை அளவு மாறாத படமாக எடுத்துக்கொள்வதால் நேர்பவை. பக்கத்தில் அடங்குவதற்காகவும் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிவதற்காகவும் நீட்டியோ தடித்தோ வரையப்பட்ட கோடுகள் அவை.

பூமி சூரியனை நெருங்கும்போது கோடை, விலகும்போது குளிர்காலம் என்று எழுதுவது இவற்றுள் முதன்மையானது. சுற்றுப்பாதையை முட்டை போல நீட்டி வரைந்த படத்தைப் பார்க்கும் மாணவர் வேறு எப்படித்தான் நினைப்பார்? அந்தப் பாதையை உண்மையான விகிதத்தில் 10 செ.மீ. நீளத்துக்கு வரைந்தால், அதன் அகலம் நீளத்தைவிடச் சுமார் 0.014 மி.மீ. மட்டுமே குறையும், கூராகச் சீவிய பென்சிலின் கோடுகூட அதைவிடத் தடிமனானது. சூரியன் மட்டும் நடுப்புள்ளியிலிருந்து 0.8 மி.மீ. தள்ளி நிற்கும். ஜனவரி முதல் வாரத்தில், அதாவது நமக்கு மார்கழிப் பனி கொட்டும் நாட்களில், பூமி சூரியனுக்கு மிக அருகில், சுமார் 14.7 கோடி கி.மீ. தொலைவில் இருக்கிறது; ஜூலை முதல் வாரத்தில்தான் 15.2 கோடி கி.மீ. தொலைவுக்குச் செல்கிறது. அக்னி நட்சத்திரம் கொளுத்தும் மே மாதத்தில் நாம் சூரியனைவிட்டு விலகிக்கொண்டிருக்கிறோம். பூமியின் அச்சு 23.5 பாகை சாய்ந்திருப்பதால் கதிர்கள் விழும் கோணமும் பகலின் நீளமும் ஆண்டு முழுவதும் மாறுகின்றன. பருவங்களுக்குக் காரணம் அதுவே. வட இந்தியாவில் குளிர் வாட்டும் அதே ஜனவரியில் ஆஸ்திரேலியாவில் கோடை நிலவுவதைத் தொலைவைக் கொண்டு விளக்கவே முடியாது.

இதையொட்டி வரும் இன்னொரு தவறு, நண்பகலில் சூரியன் நாள்தோறும் நேர் உச்சியில் நிற்கும் என்பது. 13 பாகை வட அட்சத்தில் உள்ள சென்னையில் இது ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் மட்டுமே நிகழும். கடகரேகைக்கு வடக்கே உள்ள டெல்லியில் ஒருபோதும் நிகழாது. சென்னையில் அந்த நாட்களில் செங்குத்தாக நட்ட குச்சியின் நிழல் அதன் அடியிலேயே மறைந்துவிடுவதை மொட்டைமாடியில் பார்க்கலாம். ஆனால் கடிகாரத்தில் 12 மணி அடித்ததும் பார்த்துவிட்டு ஏமாறக் கூடாது: இந்திய நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கக்கோட்டைக் கொண்டு கணிக்கப்படுகிறது. சென்னை அதற்கு மேற்கே 80.3 பாகையில் இருக்கிறது. ஒரு பாகைக்கு 4 நிமிடம் வீதம், சூரியன் இங்கே உச்சிக்கு வரச் சராசரியாக 9 நிமிடம் தாமதமாகும்.

அட்சக்கோட்டையும் தீர்க்கக்கோட்டையும் மாற்றி எழுதுவோர், கோடு ஓடும் திசையையும் அது அளக்கும் திசையையும் குழப்பிக்கொள்கிறார்கள். அட்சக்கோடு கிழக்கு மேற்காக ஓடினாலும், ஓர் இடம் நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கிலோ தெற்கிலோ எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதையே சொல்கிறது. காற்றிலும் இதே குழப்பம் உண்டு: தென்மேற்குப் பருவக்காற்று தென்மேற்கிலிருந்து வருவது, தென்மேற்கை நோக்கிச் செல்வதன்று. வரைபடத் தேர்வில் அம்புக்குறியைத் தலைகீழாகப் போட்டு மதிப்பெண் இழப்பவர்கள் கணிசமானவர்கள்.

அடுத்தது பூமியின் உட்பகுதி. மேலோட்டுக்கும் நடுவிலுள்ள கருவத்துக்கும் இடைப்பட்ட கவசத்தைப் படத்தில் செம்மஞ்சள் நிறத்தில் தீட்டிவிடுவதால், மெல்லிய ஓட்டுக்கு அடியில் முழுவதும் உருகிய குழம்பு தளும்புகிறது என்றே பலர் எழுதுகிறார்கள். திரவத்தின் ஊடே செல்ல இயலாத இரண்டாம் நிலை நிலநடுக்க அலைகள் கவசத்தைக் கடந்து வருகின்றன. ஆகவே, மிக மிக மெதுவாக நகரக்கூடியதாயினும், அது திண்மப் பாறைதான். அந்த அலைகள் சுமார் 2,900 கி.மீ. ஆழத்தில் உள்ள வெளிப்புறக் கருவத்தில்தான் நின்றுவிடுகின்றன. திரவமாக இருப்பது அதுவே. அதற்குள்ளே உட்கருவம் ஒன்று தனியாக இருப்பதை டென்மார்க்கைச் சேர்ந்த இங்கே லேமன் 1936இல் அலைப்பதிவுகளிலிருந்தே கண்டறிந்தார். எரிமலைக் குழம்பு, கவசத்தின் மேற்பகுதியிலும் மேலோட்டிலும் சில இடங்களில் பாறை ஓரளவு உருகுவதால் உண்டாவது. புவித்தட்டு என்பதும் மேலோடு மட்டுமன்று. அதனுடன் ஒட்டி நகரும் மேல் கவசத்தின் இறுகிய பகுதியும் சேர்ந்ததே தட்டு. இந்தியத் தட்டில் நிலம் மட்டுமல்லாமல் இந்தியப் பெருங்கடலின் தரையில் ஒரு பகுதியும் அடங்கும்.

நிலநடுக்க அளவு பற்றிய பிழைகளைத் திருத்துவது சற்றுக் கடினம். செய்திகளிலேயே அவை மலிந்துள்ளன. ரிக்டர் எண் பத்துக்கு இத்தனை என்ற மதிப்பெண் அன்று. அதற்கு மேல்வரம்பு வகுக்கப்படவில்லை. எண் ஒன்று கூடினால் பதிவாகும் அதிர்வின் வீச்சு 10 மடங்கும், வெளிப்படும் ஆற்றல் சுமார் 32 மடங்கும் கூடும். ஒரு நிலநடுக்கத்துக்கு இந்த எண் ஒன்றுதான். இடத்துக்கு இடம் மாறும் பாதிப்பைக் குறிக்க மெர்கலி அளவுகோல் தனியாக உள்ளது. இரண்டையும் ஒன்றாக்கினால், 1993 செப்டம்பர் 30 அன்று மகாராஷ்டிரத்தின் லாத்தூர் பகுதியைத் தாக்கிய, 6.2 என்ற மிதமான அளவுள்ள நிலநடுக்கம் எப்படிச் சுமார் 10,000 பேரைக் கொன்றது என்பது விளங்காது. அதிர்வு தோன்றிய ஆழம் குறைவு. நேரம் விடியற்காலை நான்கு மணிக்குச் சற்று முன். மக்கள் உறங்கிக்கொண்டிருந்த வீடுகளோ, கல்லையும் மண்ணையும் கொண்டு எழுப்பிய சுவர்களின்மேல் கனத்த கூரையைத் தாங்கியவை.