சீருடை வகுப்பில் முகம் பிடிபடாத ஆசிரியருக்கு

எனக்குச் சிறுவயதிலிருந்தே முகங்கள் மனதில் நிற்பதில்லை. கண், மூக்கு, சிரிப்பு, கோபம் எல்லாம் தெளிவாகத் தெரியும். அது யாருடைய முகம் என்பதுதான் பிடிபடாது. 1947-ல் ஜெர்மன் நரம்பியல் மருத்துவர் யோஆகிம் போடமர் இதற்குப் புரோசோபக்னோசியா என்று பெயர் வைத்தார். இது பார்வைக் கோளாறும் இல்லை, மறதியும் இல்லை. அதனால் முகத்தை உற்று உற்றுப் பார்த்து மனப்பாடம் செய்யும் முயற்சியை முதலில் விட்டுவிடுங்கள். (பிறவியில் இல்லாமல் திடீரென்று இப்படி ஆனால் பக்கவாதமாக இருக்கலாம்; உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.)

நான் பள்ளி ஆசிரியை. சீருடை போட்ட வகுப்பில் உடையை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க முடியாது. கண்ணாடியும் தலைமுடியும் நாளைக்கே மாறலாம். குரலும் நடையும் அப்படிச் சட்டென்று மாறாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் குறிப்பேட்டில் ஒரு வரி எழுதி வைக்கிறேன்: "பேசும்முன் தொண்டையைச் செருமுவான்", "தோளைச் சாய்த்து நடப்பாள்". அந்தக் குறிப்பேட்டை யார் கையிலும் கொடுக்காதீர்கள். யார் எங்கே உட்காருகிறார்கள் என்ற வரைபடம் என் மேசைமேல் இருக்கும். இடம் மாறினால் அன்றே திருத்திவிடுவேன். நோட்டுகளைத் திருப்பித் தரும்போது பெயரை வாசிக்கிறேன், அவரவர் வந்து வாங்கிக்கொள்வார்கள்.

வகுப்பில் இடம் காட்டிக்கொடுத்துவிடும். அதே பிள்ளை நடைபாதையில் எதிரே வந்தால்தான் சிரமம். அதற்கு ஒரே வழி, முதல் நாளே சொல்லிவிடுவது: "எனக்கு முகம் ஞாபகம் இருக்காது. வெளியே பார்த்தால் பெயரைச் சொல்லிப் பேசுங்கள்." பிள்ளைகள் இதைச் சுலபமாக எடுத்துக்கொள்கிறார்கள். பெரியவர்கள்தான், "எனக்கும் பெயரெல்லாம் மறந்துபோகும்" என்பார்கள். பெயர் மறப்பது வேறு என்று பொறுமையாக விளக்குங்கள். சிம்பன்சி ஆய்வாளர் ஜேன் குடாலுக்கும் நரம்பியல் மருத்துவரும் எழுத்தாளருமான ஆலிவர் சாக்ஸுக்கும் இது இருந்தது என்று சொன்னால் சிலர் காதுகொடுத்துக் கேட்பார்கள்.

தலைமை ஆசிரியரிடம் மட்டும் இதை மறைக்கவே கூடாது. காரணம், பள்ளி விட்டதும் பிள்ளைகளை யாரிடம் அனுப்புகிறோம் என்பது. வந்திருப்பவர் சிரித்துப் பழகியவர்போலப் பேசினாலும் அடையாள அட்டையைப் பார்க்காமல் நான் அனுப்புவதில்லை. தெரிந்தவர், தெரியாதவர் என்று பிரிக்காமல் எல்லாரிடமும் கேளுங்கள். ஒருவரிடம் மட்டும் கேட்டால்தான் அவருக்கு மனசு சங்கடப்படும். அட்டை இல்லையென்றால் பதிவேட்டில் இருக்கும் எண்ணுக்கு அழைத்துக் கேளுங்கள். அதுவரை பிள்ளை உங்கள் பக்கத்திலேயே நிற்கட்டும்.