நெல்லை வெயிலில் வண்ண இலைச் செடிகள்: முதலில் நிழலைக் கண்டுபிடியுங்கள்

சிவப்பும் வெள்ளையும் தெளித்த கலேடியம், வெல்வெட் மாதிரி கோலியஸ், இளஞ்சிவப்பு ஓரம் வைத்த அக்லோனிமா. இவை எல்லாமே நிழல் விரும்பிகள். முறையாகப் பார்த்துக்கொண்டால் வருடக்கணக்கில் நிற்கும். ஆனாலும் திருநெல்வேலி, பாளையங்கோட்டைப் பக்கம் வாங்கி வைத்தவர்கள் பலர் ஆனி மாதத்தில் கருகின தண்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். நர்சரிக்காரரைத் திட்டிப் பிரயோஜனமில்லை. செடியை வைத்த இடம்தான் பெரும்பாலும் காரணம்.

படி 1: நிழல் எங்கே இருக்கிறது?

"வீட்டின் வடக்குப் பக்கம் எப்போதும் நிழல்" என்று தோட்டக் குறிப்புகளில் படித்திருப்பீர்கள். டெல்லிக்கு அது சரி, நமக்குப் பாதிதான் சரி. நம் ஊர் நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்பது டிகிரிக்குள் இருக்கிறது. ஏப்ரல் நடுவில், சித்திரை பிறக்கிற சமயம், மதியம் 12.20 வாக்கில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அதன்பிறகு ஆகஸ்ட் கடைசி வரை அது நமக்கு வடக்கேதான் போய் வரும். அந்த நாலரை மாதமும் வடக்குச் சுவர் வெயில் வாங்கும், தெற்குச் சுவரோரம் நிழலாக இருக்கும். அதுவும் ஒடுக்கமான நிழல்தான்: பத்தடி உயரச் சுவருக்கு ஜூன் மாத உச்சி வேளையில் இரண்டரை அடி. சித்திரைத் தொடக்கத்தில் அது கூட இருக்காது. செப்டம்பரிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை கதை தலைகீழ், வடக்குப் பக்கம்தான் நிழல்.

இதனால்தான் முதல் வருடம் எதையும் தரையில் நட வேண்டாம் என்கிறேன். தொட்டியில் வையுங்கள். நிழல் நகர்ந்தால் தொட்டியும் நகரட்டும். ஒரு வருடம் சுற்றிப் பார்த்தபின், எந்த மூலை எல்லா மாதமும் தாங்குகிறது என்று தெரிந்துவிடும்.

மரநிழல் இருந்தால் நல்லது. மா, தென்னை, புங்கை மூன்றுமே உதவும். ஆனால் புங்கையும் வேம்பும் மாசி, பங்குனியில் இலை உதிர்க்கும்; அந்தச் சில வாரம் மட்டும் 50 சதவீத நிழல்வலை கட்டிவிடுங்கள். மேற்கு வெயில் விழும் இடம் எந்த மாதத்திலும் வேண்டாம். நிழல் அதிகமாகிவிட்டதா என்று பார்க்கவும் வழி இருக்கிறது: மதியம் விளக்குப் போடாமல் அங்கே பேப்பர் வாசிக்க முடிய வேண்டும். முடியாத இருட்டில் கோலியஸ் ஒல்லியாக நீண்டு நிறம் வெளுக்கும்.

படி 2: செடியைத் தேர்ந்தெடுங்கள்

தொடங்குபவர்களுக்கு என் வரிசை: முதலில் அக்லோனிமா, அடுத்து கோலியஸ், அப்புறம் கலேடியம். அக்லோனிமா தார்சாவிலேயே வளரும், கொஞ்சம் மறந்தாலும் பொறுத்துக்கொள்ளும். கோலியஸ் துளசி, கற்பூரவல்லி குடும்பம். தண்டைத் தொட்டுப் பாருங்கள், சதுரமாக இருக்கும். அதற்கு இளங்காலை வெயில் கொஞ்சம் பட்டால் நிறம் கூடும். கலத்தியா என்ற இன்னொரு வண்ண இலைச் செடியை தென்காசி, குற்றாலம், பாபநாசம் பக்கம் இருப்பவர்கள் தைரியமாக வாங்கலாம். சாரல் ஈரம் அங்கே உண்டு. பாளையங்கோட்டைக்கு வருவதற்குள் அதே மேல்காற்று காய்ந்து வறண்டுவிடுகிறது, கலத்தியாவின் இலை ஓரம் பொரிந்துபோகும்.

குரோட்டன்ஸை நிழல் செடி என்று விற்பார்கள். நம்பாதீர்கள், வெயில் இல்லாவிட்டால் அது பச்சையாகிவிடும். ஹோஸ்டா என்று இணையத்தில் வானவில் நிறத்தில் விதை விற்கிறார்களே, அதுவும் வேண்டாம். ஹோஸ்டாவுக்குக் குளிர்காலத் தூக்கம் வேண்டும். நம் மார்கழிக் குளிர் அதற்குப் போதாது.

வாங்க நல்ல நேரம் புரட்டாசிக் கடைசி. காற்று அடங்கியிருக்கும், மழை வரப்போகும்.

படி 3: மண்ணும் நடவும்

செம்மண், மக்கிய தொழு உரம், தென்னை நார்க்கழிவு மூன்றும் சம பங்கு. நார்க்கழிவில் உப்பு இருக்கும். இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பிழிந்த பிறகு கலக்குங்கள். கோவில்பட்டி, சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல் மண் தொட்டிக்கு ஆகாது. ஈரத்தில் களியாகி வேரை அழுகவைக்கும், காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். திசையன்விளைப் பக்கத்துத் தேரி மணலில் தண்ணீர் நிற்காது, தொழு உரத்தை இரு மடங்காக்குங்கள்.

தொட்டியின் அடித்துளையை ஓட்டுச் சில்லால் மூடி, கலவையை நிரப்பி, செடி நர்சரிப் பையில் இருந்த ஆழத்திலேயே வையுங்கள். கலேடியம் கிழங்காகக் கிடைத்தால் முளைக்கண் மேலே பார்க்க இரண்டு அங்குல ஆழம் போதும்.

கலேடியம், அக்லோனிமா இரண்டும் சேனை, சேம்பு இனம். சாறு பட்டால் அரிக்கும், வாயில் போட்டால் நாக்கும் தொண்டையும் வீங்கும். தவழும் குழந்தையோ ஆடு மாடோ உள்ள வளவில் எட்டாத இடத்தில் வையுங்கள்.

படி 4: தண்ணீர்

விரலை ஓர் அங்குலம் மண்ணில் விட்டுப் பாருங்கள், காய்ந்திருந்தால் ஊற்றுங்கள். அவ்வளவுதான். கோலியஸ் மட்டும் கோடையில் தினமும் கேட்கும். மத்தியானம் அது துவண்டு நிற்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். சாயங்காலமும் நிமிராவிட்டால்தான் தண்ணீர்க் குறை.

ராதாபுரம், நாங்குநேரிப் பக்கம் போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு. தொட்டி ஓரத்தில் வெள்ளை படிவதும் இலை நுனி பழுப்பாவதும் அதன் அடையாளம். அப்படியானால் ஐப்பசி, கார்த்திகை மழையில் தொட்டிகளை ஓரிரு முறை நனையவிட்டு உப்பைக் கழுவி வெளியேற்றுங்கள். பிறகு இறவாரத்துக்குள் இழுத்துவிடுங்கள், அடைமழை கோலியஸ் தண்டை அழுகவைத்துவிடும்.

படி 5: ஆனி, ஆடிக் காற்று

வெயிலைவிட இலையைக் கெடுப்பது இதுதான். செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்று, கலேடியத்தின் மெல்லிய இலையை ஒரே நாளில் கிழித்துவிடும். மேற்கே சுவரோ ஓலைத் தட்டியோ இருக்கட்டும். தொட்டிகளை நெருக்கி வைத்தால் ஒன்றுக்கொன்று ஈரம் காக்கும். இந்த வறட்சியில்தான் சிவப்புச் சிலந்திப் பேனும் வரும். இலை அடியில் மெல்லிய வலை தெரிந்தால் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள். மாவுப்பூச்சிக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலம் தெளிக்கலாம்.

படி 6: கலேடியம் படுத்துவிட்டதா?

பெரும்பாலும் மார்கழி, தை வாக்கில் இலைகள் ஒவ்வொன்றாக மஞ்சளாகிச் சாயும். தூக்கிப் போட்டுவிடாதீர்கள், கிழங்கு உள்ளே உயிரோடு இருக்கிறது. தண்ணீரை நிறுத்தி, தொட்டியைக் காய்ந்த நிழலில் ஒதுக்கிவையுங்கள். வெக்கை ஏறிய பிறகு லேசாக நனைத்தால் முளை வரும். அப்போது ஒரு கைப்பிடி மண்புழு உரம் கொடுங்கள்.

கோலியஸுக்கு இப்படித் தூக்கம் கிடையாது, ஆனால் வருடம் ஆக ஆகத் தண்டு கட்டையாகி அழகு போய்விடும். பூங்கதிர் தலைகாட்டும்போதே கிள்ளிவிடுங்கள். பக்கக் கிளையில் நான்கு அங்குலம், கணுவுக்குக் கீழே வெட்டி, அடி இலைகளை நீக்கித் தண்ணீர்த் தம்ளரில் நிறுத்தினால் பெரும்பாலும் பத்து நாளுக்குள் வேர் விட்டுவிடும். ஒரே செடியிலிருந்து நாலைந்து கிளை எடுக்கலாம், புறவாசல் முழுக்க வைக்க அதுவே போதும்.