எடை இறங்காமல் நின்றதன் காரணம் தேநீர் இயந்திரத்தில் இருந்தது

தண்டையார்பேட்டையில் தினமும் முக்கால் மணி நேரம் நடந்தும், மூன்று மாதங்களாக என் எடை 84 கிலோவிலும் இடுப்பளவு 98 செ.மீ.யிலும் அசையாமல் நின்றன. இந்திய ஆண்களுக்கு 90 செ.மீ.யே வரம்பு. இரவில் சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறினேன், பயனில்லை. தைராய்டு பரிசோதனை இயல்பாக வந்தது. எடைக்கருவியையும் மாற்றிப் பார்த்தேன்.

ஒருநாள் அலுவலகத் தேநீர் இயந்திரத்தில் ஊழியர் தூளை நிரப்பியபோது அந்தப் பொட்டலத்தை வாங்கிப் படித்தேன். நான் சர்க்கரை சேர்க்காத தேநீர் என்று நம்பிக் குடித்ததில் முதல் மூலப்பொருளே சர்க்கரை. மூலப்பொருள்களை எடை அதிகமானதிலிருந்து இறங்குவரிசையில் அச்சிட வேண்டும் என்பது நம் நாட்டின் உணவு லேபிள் விதி. இந்த விதிதான் எனக்கு முதலில் உண்மையைக் காட்டிக்கொடுத்தது. 100 கிராமில் 60 கிராம் சர்க்கரை. கோப்பைக்கு 14 கிராம் தூள். நான் நாளுக்குக் குடித்த ஐந்து கோப்பைக்கு 42 கிராம் சர்க்கரை. நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் நிற்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

மேலாளரிடம் பேசி, இனிப்பில்லாத தூளை வரவழைத்தோம். வேறெதையும் மாற்றவில்லை. பத்து வாரங்களில் 81 கிலோ, இடுப்பு 94 செ.மீ.; பெரிய நிம்மதி. பொட்டலத்தின் முன்பக்கத்தில் சர்க்கரையின் அளவு பெரும்பாலும் பெரிதாக இருப்பதில்லை, ஆகவே பின்பக்கத்தைத் திருப்புங்கள்.