மினியேச்சர் இடிபாடு: எந்தச் சுவருக்கு எந்தப் பொருள்

இடிந்த கட்டடம் ஒன்றைச் சின்ன மாதிரியாகச் செய்ய, கடைக்குப் போவதற்கு முன் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். செய்யப்போகும் கட்டடம் எதனால் கட்டியது? உடைந்த இடத்தில் உள்ளே என்ன தெரியும்? முழுக் கட்டடத்துக்கு வெளிப்பூச்சு சரியாக இருந்தால் போதும். இடிபாட்டில் கண் நேராக உடைந்த விளிம்புக்குத்தான் போகும். அங்கே தெர்மோகோல் மணி எட்டிப் பார்த்தால் பெயிண்ட் எதையும் காப்பாற்றாது.

பார்த்துப் படிக்க வடசென்னையில் இடத்துக்குப் பஞ்சமில்லை. பழைய வண்ணாரப்பேட்டை இப்ராகிம் சாகிப் தெருவில் மாடிப் பூங்காவாக மிஞ்சி நிற்கும் 18ஆம் நூற்றாண்டு நகரச் சுவர் இருக்கிறது. ராயபுரம், மண்ணடிப் பக்கம் காரை பெயர்ந்த சுண்ணாம்பு வீடுகள் இருக்கின்றன. போட்டோ எடுக்கும்போது பக்கத்தில் ஒரு ஸ்கேல் வையுங்கள். அளவு அதிலிருந்துதான் வரும்.

கீழே சொல்வதெல்லாம் 1:35 அளவுக்கு, அதாவது நிஜத்தில் 35-ல் ஒரு பங்கு. இன்றைய செங்கல் 230 × 110 × 75 மி.மீ. என்றால் உங்கள் செங்கல் 6.5 × 3 × 2 மி.மீ. மர உத்தரங்களின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய பழைய மெட்ராஸ் டெரஸ் தளத்துக்குப் போட்ட 6 × 3 × 1 அங்குலச் சின்னச் செங்கல் 4.3 × 2.2 × 0.7 மி.மீ. ஆகிவிடும்.

செங்கல் சுவருக்கு எக்ஸ்பிஎஸ் ஷீட்டை விட நல்ல பொருள் இல்லை. மொட்டைமாடி வெப்பத்தடுப்புக்கும் குளிர்பதன அறைக்கும் போடும் நீலம் அல்லது இளஞ்சிவப்பு நிற ஷீட் அது. அந்த வேலை செய்பவர்களிடம் வெட்டு மிச்சம் கேட்டுப் பாருங்கள். 25 மி.மீ. ஷீட்டைப் பாதியாகப் பிளந்தால் ஒன்றரை அடிச் சுவரின் கனம் அப்படியே கிடைக்கும். புது பிளேடு போட்ட கட்டரைச் சாய்த்துப் பிடித்து வெட்டுங்கள். மழுங்கிய பிளேடு பிய்த்துவிடும். மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் செங்கல் கோடுகளை அழுத்தி வரையுங்கள். அலுமினியத் தாளைக் கசக்கி உருண்டையாக்கி மேலே உருட்டினால் சொரசொரப்பு வரும். விளிம்பில் மட்டும் கோடு போட்டு ஏமாற்றாதீர்கள். தனிச் செங்கல்களாக நறுக்கிப் படிப்படியாக ஒட்டுங்கள்.

காசிமேட்டில் மீன் ஏற்றும் வெள்ளைப் பெட்டி மணித் தெர்மோகோல். சோப்புப் போட்டுக் கழுவினால் மேடு, குன்று நிரப்ப ஆகும். சுவருக்கு ஆகாது.

இந்த இரண்டுமே பாலிஸ்டைரீன். ஸ்ப்ரே பெயிண்ட், தின்னர், ரப்பர் பசை பட்டால் கரைந்து குழி விழும். ஃபெவிகாலில் ஒட்டி, அதையே கறுப்பு அக்ரிலிக் பெயிண்டோடு சரிபாதி கலந்து முதல் பூச்சாக அடியுங்கள். இரண்டு பெரிய ஷீட்டை முகத்தோடு முகம் ஒட்டினால் நடுவில் காற்றுப் போகாது, ஃபெவிகால் நாள்கணக்கில் ஈரமாகவே இருக்கும். ஓரங்களில் தடவி, பல்குத்தும் குச்சிகளைச் செருகிப் பிடிக்க வையுங்கள்.

ஃபிளெக்ஸ் போர்டு கடைகளில் கிடைக்கும் 3 மி.மீ. சன்போர்டு, கதவுச் சட்டம், ஜன்னல் விளிம்புக்கு நன்றாக இருக்கும். ஆனால் அது பிவிசி. சூட்டுக்கம்பியால் வெட்டவே வெட்டாதீர்கள், கிளம்பும் புகை நச்சு.

காரைக்கு பிஓபி (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்). 100 மி.லி. தண்ணீரில் 150 கிராம் பொடியைத் தூவி, ஊறவிட்டு, பிறகு கலக்குங்கள். பொடியில் தண்ணீர் ஊற்றினால் கட்டி தட்டும். பழைய மிச்சம் ஒட்டிய கிண்ணத்தில் கலந்தால் சட்டென்று இறுகிவிடும். கடற்காற்றில் திறந்து கிடந்த பொடி ஈரம் குடித்து வலுவிழந்திருக்கும், அதனால் ஒரு கிலோவுக்கு மேல் வாங்கிச் சேர்க்காதீர்கள். 20 மி.மீ. காரை உங்களுக்கு அரை மில்லிமீட்டரும் கொஞ்சமும்தான். முதலில் செங்கலுக்கு நிறம் கொடுத்துக் காயவிடுங்கள். காரை நிற்க வேண்டிய இடத்தில் மட்டும் நீர்த்த ஃபெவிகால் தடவி, மொத்தச் சுவரிலும் பிஓபி பூசுங்கள். காய்ந்ததும் கத்தி முனையால் நெம்பினால் பசை இல்லாத இடம் தானாகப் பெயர்ந்து செங்கல் தெரியும். செதுக்கி எடுத்தால் இந்த இயல்பு வராது.

கான்கிரீட் தளத்துக்கு, டீ வடிகட்டியில் சலித்த மணலை பிஓபியில் கலந்து 4 மி.மீ. கனத்தில் வார்த்து, கையால் உடையுங்கள். உள்ளே வைக்கும் கம்பிதான் பலரும் கோட்டைவிடும் இடம். கட்டுக்கம்பி பார்க்க மெல்லிசாக இருக்கும். 20 கேஜ் கம்பி 0.9 மி.மீ., இந்த அளவில் அது 32 மி.மீ. முறுக்குக்கம்பிக்குச் சமம், வீட்டுத் தளத்தில் அப்படி யாரும் போடுவதில்லை. மோட்டார் வைண்டிங் கடையில் 28 கேஜ் செம்புக் கம்பி கேளுங்கள். 0.37 மி.மீ. என்பதால் 12 மி.மீ. கம்பிக்குப் பொருந்தும். தளம் உடைந்தாலும் துண்டுகள் அதில் தொங்கும்.

திருவொற்றியூர்க் கடற்கரை மணலில் உப்பு இருக்கும். அப்படியே ஒட்டினால் ஈரம் இழுத்து வெள்ளையாகப் பூக்கும். நாலு தண்ணீரில் அலசிக் காயவையுங்கள், அல்லது கட்டட மணலைச் சலித்துக்கொள்ளுங்கள். செங்கல் ஜல்லிக்கு உடைந்த மண் அகல் போதும். உத்தரங்களுக்கு ஐஸ் குச்சி. அடித்தளத்துக்கு 6 மி.மீ. எம்டிஎஃப் (மரத்தூள் அழுத்திச் செய்த பலகை) எடுத்தால் இரண்டு பக்கமும் பெயிண்ட் அடியுங்கள், ஒரு பக்கம் மட்டும் அடித்தால் வளையும்.

சுண்ணாம்புச் சுவர் விரிசலில் அரசங்கன்று முளைக்காமல் இருக்காது. பிரித்த சணல் இழையை ஃபெவிகாலில் நனைத்து, விரிசல் வழியே வேராக ஓடவிடுங்கள். இலைகளைத் தாளில் 3–4 மி.மீ. அளவில் இதய வடிவமாக வெட்டுங்கள். நுனியில் இருக்கும் இளந்தளிருக்கு மட்டும் செம்பு நிறம்.