மூன்றாம் நாள் போன், ஐந்தாம் நாள் வீடு: இடைநிற்றல் தடுப்பில் நடக்கும் தவறுகள்

தமிழ்நாட்டில் தொடர்ந்து 30 நாள் பள்ளிக்கு வராத பிள்ளையைப் 'பள்ளி செல்லாக் குழந்தை' என்று கணக்கெடுக்கிறார்கள். கணக்கெடுக்க வைத்த அந்த வரம்பையே வீட்டுக்குப் போகும் நாளாகப் பல பள்ளிகள் எடுத்துக்கொள்கின்றன. இருக்கிற தவறுகளில் பெரியது இதுதான். 30 நாளில், வேலைக்குப் போன பையன் முதல் மாதச் சம்பளம் வாங்கியிருப்பான். முதலாளி கொடுத்த அட்வான்ஸ் பணமும் வீட்டில் செலவாகியிருக்கும். சொல்லாமல் மூன்று நாள் வரவில்லையா, அன்றே போன். ஐந்தாம் நாள் வீடு. மாத சதவீதத்தை மட்டும் பார்க்காதீர்கள். திங்கட்கிழமையும் சந்தை நாளும் தவறாமல் விடுப்பு என்றால், அவன் ஏற்கெனவே பாதி வேலைக்காரன்.

வீட்டுக்குப் போகும் விதத்திலும் கோளாறு உண்டு. தலைமையாசிரியர், ஊராட்சித் தலைவர், அதிகாரிகள் எல்லாரும் ஜீப்பில் போய் இறங்கினால் தெருவே வேடிக்கை பார்க்கும். வெட்கத்தில் “நாளைக்கு அனுப்புறோம் சார்” என்பார்கள். பிள்ளை இரண்டு நாள் வந்து மறுபடி நின்றுவிடும். வகுப்பாசிரியரும் அதே தெருவில் இருக்கும் பள்ளி மேலாண்மைக் குழுத் தாய் ஒருவரும் போனால் போதும். வேலை முடிந்து ஆட்கள் வீடு திரும்பும் மாலை நேரம் நல்லது. பிள்ளையிடம் தனியாகப் பேசுங்கள். “படிப்பு ஏறலை” என்ற பதிலுக்குப் பின்னால் எழுத்துக்கூட்டி வாசிக்க வராதது, அடிக்கும் ஆசிரியர், தண்ணீர் இல்லாத கழிப்பறை, சாதிப் பெயர் சொல்லிக் கூப்பிடும் சக மாணவன் என்று எதுவும் இருக்கலாம்.

கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். கூட்டமோ சுற்றுச்சுவரைப் பேசியே முடிந்து, கையெழுத்து வாங்கிக் கலைகிறது. வராத பிள்ளைகளின் பட்டியலை முதலில் எடுங்கள். எந்த வீட்டுக்கு யார் போவது, எந்தத் தேதிக்குள் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். கிராம சபையில் பெயர் வாசித்து அவமானப்படுத்த வேண்டாம்.

எட்டாம் வகுப்பு முடிந்ததும் மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டால், ஒன்பதில் சேர்ந்தார்களா என்று பார்க்க ஆளில்லை. மாணவர் விவரம் பதியும் அரசின் இணையப் பதிவேடான எமிஸில், ஒரு பள்ளியை விட்டு இன்னொன்றில் சேராதவர்களுக்கான பொதுத் தொகுப்பில் பெயர் மட்டும் கிடக்கும். பள்ளி திறந்த இரண்டாம் வாரத்தில் நடுநிலைப் பள்ளியும் உயர்நிலைப் பள்ளியும் பட்டியலை ஒப்பிட வேண்டும். பெண் பிள்ளைகள் நிற்பது பல ஊர்களில் பேருந்து நேரத்தால். அதை மாற்றக் கேட்டுப் போக்குவரத்துக் கிளைக்கு மனு எழுதுவது ஊராட்சி செய்யக்கூடிய வேலை.

செங்கல் சூளைக்குக் குடும்பம் போனால் பெயரை அடித்துவிடாதீர்கள். எமிஸ் எண்ணை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, போகும் ஊரிலுள்ள பள்ளிக்குப் போன் செய்யுங்கள். கல்யாணப் பேச்சு காதில் விழுந்தால் ஊர்ப் பஞ்சாயத்து வேண்டாம், குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் செய்யுங்கள்.

திரும்பி வந்தவர்களை இழப்பது தனிக் கொடுமை. ஆறு மாதம் வராதவனை அதே பெஞ்சில் உட்காரவைத்து மறுநாளே தேர்வெழுதச் சொன்னால் இரண்டு வாரம்கூடத் தாங்கமாட்டான். வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துச் சிறப்புப் பயிற்சி தரச் சொல்கிறது கல்வி உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு. தினமும் அரை மணி நேரம் வாசிப்பு, பக்கத்தில் தெரிந்த நண்பன். “வாங்க துரை, இப்பதான் வழி தெரிஞ்சுதா?” என்ற கிண்டலை ஆசிரியர் அறையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

பத்தாம் வகுப்பில் தவறியவர்களுக்கு அதே ஆண்டிலேயே துணைத்தேர்வு உண்டு. விண்ணப்பிக்கக் கிடைப்பது சில நாட்களே. முடிவு வந்த அன்றே அந்த வீடுகளுக்குப் போன் போக வேண்டும்.