கம்மி மிட்டாய், வார இறுதித் துப்பாக்கி, பின்னால் வரும் போலீஸ் கார்: அமெரிக்காவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

பொன்னி அரிசி எங்கே கிடைக்கும், வாடகை வீடு எப்படிப் பிடிப்பது என்பதையெல்லாம் சொல்லித்தர உங்களுக்கு முதல் வாரமே பத்துப் பேர் கிடைத்துவிடுவார்கள். அவர்கள் பேச்சில் வராத மூன்று விஷயங்கள் உண்டு: கஞ்சா, துப்பாக்கி, போலீஸ். நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று நினைப்பீர்கள். வந்த புதிதில் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கலிஃபோர்னியாவிலும் நியூயார்க்கிலும் நியூ ஜெர்சியிலும் கஞ்சாக் கடைகள் நகைக்கடை போல விளக்குப் போட்டுத் திறந்திருக்கின்றன. 21 வயது நிரம்பிய யாரும் வாங்கலாம். ஆனால் அது மாநிலச் சட்டம். உங்கள் விசாவும் கிரீன் கார்டும் இருப்பது மத்திய அரசின் கையில். அந்தச் சட்டப் புத்தகத்தில் கஞ்சா இன்னும் போதைப்பொருள்தான். வழக்கு, தண்டனை என்று வந்தால்தான் ஆபத்து என்றும் இல்லை. விமான நிலையத்தில் அதிகாரி கேட்கும்போது, "ஆமாம், ஒருமுறை வைத்திருந்தேன்" என்று விவரமாக ஒப்புக்கொண்டாலே உள்ளே விட மறுப்பதற்குச் சட்டம் இடம் தருகிறது. கஞ்சா நிறுவனமொன்றில் மென்பொருள் வேலை கிடைத்தால்கூட யோசியுங்கள். அப்படிப்பட்ட வேலை பிற்காலத்தில் குடியுரிமை விண்ணப்பத்துக்கு இடையூறாகலாம் என்று குடியேற்றத் துறை 2019இலேயே அறிவித்துவிட்டது.

விருந்துகளில் தட்டில் வைத்து நீட்டப்படும் கஞ்சா கலந்த கம்மி மிட்டாயைப் பார்த்தால் குழந்தைகள் தின்பது போலத்தான் இருக்கும். பெயர்தான் கம்மி, வம்பு கம்மி இல்லை. நியூ மெக்ஸிகோ கடையில் ரசீதோடு வாங்கிய கஞ்சாக் கம்மியைக் காரில் வைத்துக்கொண்டு டெக்சாஸுக்குள் நுழைந்தால் அது சிறுகுற்றமே அல்ல, பெருங்குற்றம். ஒரு கிராமுக்குக் குறைவாக இருந்தாலே 180 நாள் முதல் 2 ஆண்டு வரை சிறை. எடை போடும்போது போதைப்பொருளை மட்டும் போடமாட்டார்கள், சர்க்கரையையும் சேர்த்தே போடுவார்கள்.

இந்தக் கடுமைக்கு ஒரு வரலாறு உண்டு. 1986இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டப்படி, 5 கிராம் கிராக் (புகைக்கும் கட்டி வடிவக் கொக்கைன்) வைத்து விற்க முயன்றவருக்கும் 500 கிராம் கொக்கைன் தூள் வைத்து விற்க முயன்றவருக்கும் ஒரே தண்டனை: குறைந்தது 5 ஆண்டு. நீதிபதி நினைத்தாலும் குறைக்க வழி கிடையாது. இரண்டும் அடிப்படையில் ஒரே சரக்கு. கிராக் வழக்கில் சிறை போனவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். 100க்கு 1 என்ற அந்த விகிதத்தை 18க்கு 1 என்று இறக்கவே 2010 ஆகிவிட்டது. அப்போதும் சமமாக்கவில்லை. ஏன் 18 என்பதற்கு நியாயமான விளக்கம் எதையும் நான் இதுவரை கேட்டதில்லை.

நீண்ட சிறை என்ற அச்சம் தலைக்கு மேல் தொங்குவதால், இங்கே பெரும்பாலான வழக்குகள் விசாரணைக்கே போவதில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனையைக் குறைத்துக்கொள்ளும் பேரத்தில் முடிந்துவிடுகின்றன. நம்மவர்கள் வழுக்கி விழும் இடம் இதுதான். "சிறை கிடையாது, ஓராண்டு ஒழுங்காக இருந்தால் பதிவே அழிந்துவிடும், கையெழுத்துப் போடுங்கள்" என்பார் வழக்கறிஞர். உள்ளூர் நீதிமன்றத்தைப் பொறுத்தவரை அவர் சொல்வது உண்மை. ஆனால் நீங்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டு, நீதிபதி ஏதோ ஒரு நிபந்தனை விதித்துவிட்டால், குடியேற்றச் சட்டத்தின் கணக்கில் அது தண்டனைதான். பதிவு அழிந்தாலும் அழியாது. ஹொண்டுராஸில் பிறந்த பதீயா என்பவர் 40 ஆண்டுகளுக்கு மேல் இங்கே சட்டப்படி வாழ்ந்தவர், வியட்நாம் போரில் அமெரிக்கப் படையில் இருந்தவர். இத்தனை காலம் இருந்துவிட்டீர்கள், கவலை வேண்டாம் என்ற வழக்கறிஞரின் சொல்லை நம்பிக் கஞ்சா வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். நாடுகடத்தும் நடவடிக்கை வந்து நின்றது. அவர் வழக்கில்தான் 2010இல் உச்ச நீதிமன்றம், இந்த ஆபத்தை எடுத்துச் சொல்வது வழக்கறிஞரின் கடமை என்றது. ஆகவே கிரிமினல் வழக்கறிஞர் ஒருவர் போதாது. கையெழுத்துக்கு முன் குடியேற்ற வழக்கறிஞரிடமும் காட்டிவிடுங்கள். குடித்துவிட்டு வண்டி ஓட்டிக் கைதானால், தீர்ப்பு வருவதற்கு முன்பே விசா ரத்தாகலாம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அடுத்தது துப்பாக்கி. அரசியல் சட்டத்தின் இரண்டாவது திருத்தம் தனிமனிதருக்குத் துப்பாக்கி உரிமை தருகிறது என்று 2008இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. எஃப்-1 (மாணவர்), எச்-1பி (வேலை), எச்-4 (எச்-1பி குடும்பத்தார்) விசாவில் இருக்கும் நமக்கு அது பொருந்தாது. துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது மத்தியக் குற்றம், 15 ஆண்டு வரை சிறை. அலுவலக நண்பர் பயிற்சிக் களத்துக்கு அழைத்துப் போய், கையில் கொடுத்து, நாலு தோட்டா சுடச் சொல்வாரே, அதுவும் இதில் அடங்கும். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. அது இல்லாமல் படம் எடுத்துப் போட்டால் நீங்களே சாட்சி சேர்த்துக் கொடுக்கிறீர்கள். ஐக்கிய அரபு நாட்டு மாணவர் ரெஹாயிஃப், கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டு மாணவர் தகுதியை இழந்த பிறகு ஃபுளோரிடாவில் களத்துக்குப் போய்ச் சுட்டார். 18 மாதச் சிறை விதிக்கப்பட்டது. தன் நிலை அவருக்குத் தெரிந்திருந்தது என்பதை அரசு நிரூபிக்க வேண்டும் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. அந்தத் தீர்ப்பு வருமுன் அவர் பட்டது அவருக்குத்தான் தெரியும்.

போலீஸ் கார் பின்னால் விளக்குப் போட்டால் வலப்பக்கம் ஒதுங்கி நிறுத்துங்கள். ஊரில் நாம் இறங்கி, காகிதங்களோடு எஸ்.ஐ.யிடம் நடந்து போவோம். அதுதான் மரியாதை. இங்கே அதைத் தாக்க வருவதாக எடுத்துக்கொள்வார்கள். இருக்கையை விட்டு எழாதீர்கள், கண்ணாடியை இறக்கி, இரு கைகளையும் ஸ்டீயரிங் மேல் வையுங்கள். உரிமத்தை எடுக்கக் கையை நகர்த்தும் முன் சொல்லிவிட்டு நகர்த்துங்கள். இறங்கச் சொன்னால் இறங்க வேண்டும். காரைச் சோதிக்கலாமா என்று கேட்டால், "என் சம்மதம் இல்லை" என்று அமைதியாகச் சொல்ல உரிமை உண்டு. அதற்கு மேல் கையால் தடுக்காதீர்கள்.

இத்தனையும் ஒழுங்காகச் செய்தால் போதுமா? 2016இல் மினசோட்டாவில் ஃபிலாண்டோ காஸ்டில் என்ற கறுப்பினத்தவர், தன்னிடம் துப்பாக்கி இருப்பதை அதிகாரியிடம் மரியாதையாகச் சொன்னார். உரிமம் பெற்ற துப்பாக்கி. சில நொடிகளில் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த அதிகாரி விடுதலையானார். துப்பாக்கி உரிமை யாருக்கு எவ்வளவு என்பதைச் சட்டப் புத்தகத்தை மட்டும் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது.

நம் வீட்டுப் பெரியவர்களை நினைத்துத்தான் எனக்குக் கவலை. 2015 பிப்ரவரியில் அலபாமாவின் மேடிசன் நகரில், பேரனைப் பார்க்க குஜராத்திலிருந்து வந்த 57 வயது சுரேஷ்பாய் பட்டேல் காலையில் நடக்கப் போனார். சந்தேகத்துக்குரிய ஆள் என்று பக்கத்தில் குடியிருந்தவர் போலீஸை அழைத்தார். ஆங்கிலம் தெரியாத அவரை அதிகாரி தரையில் அடித்து வீழ்த்த, கழுத்துப் பகுதி முதுகெலும்பு பாதிக்கப்பட்டு உடல் ஓரளவு செயலிழந்தது. இருமுறை ஜூரிகள் ஒருமித்த முடிவுக்கு வராததால் அந்த அதிகாரியும் விடுவிக்கப்பட்டார்.

அதனால் அப்பா அம்மா வந்தால், முதல் நாளே அக்கம்பக்கத்தாரிடம் அழைத்துப் போய் அறிமுகம் செய்து வையுங்கள். போலீஸ் நிறுத்தினால் அசையாமல், கையை வெளியே தெரியும்படி வைத்து நிற்கச் சொல்லுங்கள். வீட்டு முகவரி, உங்கள் தொலைபேசி எண், இவருக்கு ஆங்கிலம் தெரியாது என்ற வரி, இவற்றை ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். நான் கொடுத்தபோது, "வேட்டிக்கு ஏதுடா பாக்கெட்?" என்றார் அப்பா. யோசித்துப் பார்த்தால் பாக்கெட்டுக்குள் கை போகாமல் இருப்பதே நல்லது. அட்டையாக்கி, கயிறு கோத்து, கழுத்தில் மாட்டிவிட்டேன்.